புகைக்கூட்டுச் சிறுவர்களும் எங்கட கூச்சமும்

போன செமஸ்டர் ஆங்கில இலக்கிய வகுப்பில் வில்லியம் பிளேக் படிச்சனாங்கள். புகைக்கூடு துடைக்கிற சிறுவர்களைப் பற்றி அவர் 1789இலும் 1794இலும் வெளியிட்ட இரண்டு கவிதைகள். வகுப்பு முடியப்போற நேரத்தில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இந்தப் பெடியளுக்குப் பிறகு என்ன நடந்தது?" சேர் புத்தகத்தை மூடிக்கொண்டே சொன்னார்: "கனபேர் மூச்சடைச்சுச் செத்துப்போச்சினம். தப்பி வளர்ந்த சிலருக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது."

பின்வாங்கில் இருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. பிறகு வகுப்பு முழுக்கச் சிரிச்சது. நானும் சிரிச்சன்.

நுரையீரலில் வந்தது என்று சேர் சொல்லியிருந்தால் ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டினம். ஐந்து வயதில் புகைக்கூட்டுக்குள் ஏற்றப்பட்ட ஒரு பிள்ளை முப்பது வயதில் அழுகிச் செத்ததைக் கேட்டு நாங்கள் சிரிச்சதுக்கு ஒரே காரணம், வருத்தம் வந்த இடம்.

அந்தச் சிரிப்பு எனக்கு உறைச்சது அடுத்த மாதம்தான். போர்டிங்கில் என்னோட ஒரே அறையில் இருக்கிற நண்பன் ஒரு நாள் இரவு லைட்டை நிப்பாட்டினாப்பிறகு, "மச்சான், உன்னட்ட ஒண்டு கேக்கவோ?" என்று தொடங்கினான். அவனுக்கு ஆண்குறியின் மொட்டைச் சுத்திச் சின்னச் சின்ன வெள்ளைப் பருக்கள். கண்டு நாலு மாதம். அந்த நாலு மாதமும் வீட்டிலும் சொல்லேல்லை, டொக்டரிட்டயும் போகேல்லை. பாமசிக்குப் போய், "அண்ணை, தொடையிடுக்கில கடி" என்று பொய் சொல்லி ஒரு கிறீம் வாங்கிப் பூசியிருக்கிறான். அது எரிஞ்சு தோல் சிவந்திட்டுது. ஒருத்தியோடும் உறவு வைச்சிராத பெடியன் அவன். ஆனாலும், "எனக்கு அந்த நோய் வந்திட்டுது போல" என்றான். 'அந்த நோய்' எது என்று அவனுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

(பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவனே சொன்னதால்தான் எழுதுகிறேன்.)

அவனோட கதை எப்படி முடிஞ்சது என்று கடைசியில் சொல்லுறன். அதுக்கு முதல், சேர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப்போன அந்தச் சிறுவர்களின் வரலாற்றைப் பார்ப்பம். தேடி வாசிக்க வாசிக்க எனக்கு விளங்கினது, இரண்டும் ஒரே கதை என்பதுதான்.

சில பக்கங்களில் ஒரு கண்டுபிடிப்பு

லண்டன் செயின்ட் பாத்தலோமியு வைத்தியசாலையில் பேர்சிவல் பொட் என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். 1775இல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். கண்புரை, மூக்குக்குள் வளரும் சதை, குடலிறக்கம் என்று பல விடயங்கள் அதில் இருந்தன. அதுக்குள்ளே சில பக்கங்கள் மட்டுமே வரும் ஒரு சின்னப் பகுதி, புகைக்கூடு துடைப்பவர்களின் விதைப்பையில் வரும் புற்றுநோய் பற்றியது.

பொட் அதை இப்படி விவரிக்கிறார். புண் விதைப்பையின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கும். முதலில் தோலின் மேலே மட்டும்தான். நோகும், பார்க்க அருவருப்பாய் இருக்கும், விளிம்பு தடித்து எழும்பி நிற்கும். அந்தத் தொழில் செய்தவர்கள் இதுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: 'புகைக்கரி மரு'. விட்டால் தோலைத் தாண்டி விதைக்குள் போகும். அங்கிருந்து மேலேறி வயிற்றுக்குள் போகும். அதுக்குப் பிறகு வைத்தியரால் செய்ய ஒன்றும் இல்லை. ஆகவே ஆரம்பத்திலேயே அந்தப் பகுதியை வெட்டி அகற்ற வேண்டும் என்கிறார் பொட். மயக்க மருந்து இல்லாத காலம் அது.

இவ்வளவும் மருத்துவம். என்னைப் பிடிச்சு நிறுத்தினது அடுத்து வருகிற விடயம். பருவமடைய முதல் இந்த நோயைத் தான் கண்டதில்லை என்று பொட் எழுதுகிறார். வந்தவர்கள் எல்லாரும் வாலிபர்கள் அல்லது பெரியவர்கள். வாலிபன் ஒருத்தனுக்கு, அந்த இடத்தில் ஒரு புண். உடனே என்ன நினைப்பார்கள்? மேகநோய். நோயாளியும் அப்படித்தான் நினைத்தான். சத்திரசிகிச்சை செய்பவரும் அப்படித்தான் நினைத்தார். கேள்வி கேட்க முதலே பதில் ரெடியாக இருந்தது.

மேகநோய்க்கு அந்தக் காலத்து மருந்து பாதரசம். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் கிரந்தி பரவத் தொடங்கின காலத்தில் இருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் அதுதான் பிரதான மருந்தாக இருந்தது. களிம்பாகத் தேய்ப்பார்கள், குளிசையாகக் கொடுப்பார்கள், ஆவி பிடிக்க வைப்பார்கள். வாயில் எச்சில் ஊறி ஊறி வடியும். முரசு அழுகும், பல் ஆடும். எச்சில் நல்லாய் வடிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பினார்கள். விதைப்பைப் புற்றுநோய் உள்ளவனுக்கு இந்த வைத்தியம் ஒரு நன்மையும் செய்யேல்லை. புண்ணை இன்னும் மோசமாக்கினது என்கிறார் பொட். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கு. வெட்டினால் தப்பக்கூடிய அந்த ஆரம்பக் காலம், மேகநோய்க்கு மருந்து எடுத்தே கழிந்துபோனது.

வைத்தியரிடம் போகாத சிலர் தாங்களே சவரக்கத்தியால் அந்த மருவை வெட்டிக்கொண்டதாகவும் பழைய மருத்துவக் குறிப்புகள் சொல்கின்றன. ஏன் போகேல்லை? காசு இல்லாதது ஒரு காரணம். ஆனால் போய் என்ன கேட்க வேண்டி வரும் என்று தெரிந்திருந்ததும் ஒரு காரணமாய் இருந்திருக்க வேண்டும். மேகநோயாளிகளைச் சேர்க்கக்கூடாது என்று அந்தக் காலத்துத் தர்ம வைத்தியசாலைகள் பலவற்றின் விதிகளிலேயே இருந்தது. அவர்களுக்கென்று தனியாக லொக் வைத்தியசாலை லண்டனில் 1747இல் திறக்கப்பட்டது. அந்த வாசலால் உள்ளே போவதே ஒரு வாக்குமூலம் மாதிரி.

கரியும் தோலும்

பொட் செய்த வித்தியாசமான வேலை ஒன்றுதான். புண் எங்கே இருக்கு என்று பார்த்ததோடு நிற்காமல், இந்த ஆள் என்ன வேலை செய்கிறான் என்றும் பார்த்தார். எல்லாரும் ஒரே தொழில். ஆகவே காரணம் அந்தத் தொழிலில்தான் இருக்கு என்றார்: விதைப்பையின் சுருக்கங்களுக்குள் புகைக்கரி தங்கிவிடுகிறது. ஒரு புற்றுநோய்க்கு இன்ன வேலை, இன்ன பொருள் என்று வெளிக்காரணம் ஒன்றைக் காட்டிய ஆரம்ப எடுத்துக்காட்டுகளில் முக்கியமானது இது. தொழில்சார் நோய்களைப் பற்றி எழுதுபவர்கள் இன்றைக்கும் 1775இல் இருந்துதான் புற்றுநோயின் கதையைத் தொடங்குகிறார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று விளங்க வேண்டும். லண்டன் வீடுகளில் நிலக்கரி எரித்தார்கள். புகைபோகும் வழிகள் ஒடுக்கமானவை. பல இடங்களில் 9 அங்குலத்துக்கு 14 அங்குலம். எங்கட அடிமட்டம் ஒன்று 12 அங்குலம். அதைவிட ஒடுக்கமான துவாரத்துக்குள் ஒரு ஆள் ஏறவேண்டும். ஆகவே பிள்ளைகளை ஏற்றினார்கள். ஐந்து, ஆறு வயது. பலர் அநாதைகள், அல்லது தாய் தகப்பன் காசுக்குக் கொடுத்துவிட்ட பிள்ளைகள். உடுப்பு சிக்கிக்கொள்ளும் என்று பல நேரங்களில் நிர்வாணமாகத்தான் ஏறினார்கள். முழங்காலும் முழங்கையும் மரத்துப்போக உப்புத்தண்ணீர் தேய்த்தார்கள். கரி நிரப்பின சாக்கையே இரவில் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். குளிப்பது எப்பவாவது ஒரு நாள்.

எங்கட அம்மம்மா வீட்டுக் குசினியில் புகைக்கூட்டுக்குக் கீழே சுவரில் விரலால் இழுத்தால் வருமே ஒரு கறுப்புப் பிசுக்கு, அது சவுக்காரம் போட்டாலும் லேசில் போகாது. அது விறகுக்கரி. இவர்களில் படிந்தது நிலக்கரியின் கரி. வியர்வையோடு சேர்ந்து, உரசல் அதிகமான, மெல்லிய, சுருக்கமான தோலில் வருடக்கணக்காய் இருந்தது. நோய் வெளியில் தெரிய பத்து, இருபது வருடம் எடுத்தது. அதுக்குள் பலர் அந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால்தான் காரணத்தையும் விளைவையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தராலும் முடியாமல் இருந்தது.

பொட்டின் மருமகன் ஜேம்ஸ் ஏர்ள் பிறகு இந்தப் புத்தகத்துக்குக் குறிப்புகள் சேர்த்தார். அதில் இரண்டு விடயம் முக்கியம். ஒன்று, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கே இந்த நோய் வந்தது. மேகநோய் என்ற கதை அந்தப் பிள்ளையிடம் எடுபடாது. மற்றது, ஒரு தோட்டக்காரர். ஓடில்லா நத்தைகளைக் கொல்லக் கையால் புகைக்கரி தூவினவர். அவருக்கு அதே புண் கையில் வந்தது.

கையில் வந்தபோது ஒருத்தரும் அவருடைய ஒழுக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. அதே கரி, அதே நோய். இடம் மட்டும்தான் வேறு.

நூறு வருடம்

கண்டுபிடிச்சாச்சு, இனி நிப்பாட்டலாம்தானே? 1788இல், பொட் இறந்த அதே வருடத்தில், முதல் சட்டம் வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இந்த வேலைக்கு எடுக்கக்கூடாது, கிழமைக்கு ஒருதரமாவது அவர்களைக் கழுவிச் சுத்தமாக்க வேண்டும் என்றது. ஆனால் அதை யார் கண்காணிப்பது என்று சட்டத்தில் இல்லை. 1834இல் இன்னொரு சட்டம். 1840இல் இன்னொன்று: 21 வயதுக்குக் குறைந்த ஒருவரும் புகைக்கூட்டுக்குள் ஏறக்கூடாது. 1864இல் இன்னொன்று. வீட்டுக்காரர்களுக்குத் தங்கட கம்பளம் அழுக்காகாமல் இருந்தால் போதும். நீளக் கம்புத் தூரிகைகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. ஆனாலும் பிள்ளைகளைத்தான் ஏற்றினார்கள்.

1875 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஃபுல்போர்ன் மனநல வைத்தியசாலையின் புகைக்கூடு ஒன்றுக்குள் ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற, 12 வயதைத் தாண்டாத சிறுவன் சிக்கினான். சுவரை உடைத்து வெளியே எடுத்தார்கள். பிழைக்கவில்லை. அதுக்குப் பிறகுதான் புகைக்கூடு துடைப்பவர்கள் பொலிஸில் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்து, பிள்ளைகள் ஏறுவது நின்றது. பொட் எழுதினது 1775. நின்றது 1875. சரியாய் நூறு வருடம்.

நோய் அப்பவும் நிற்கேல்லை. ஏனென்றால் ஏறி வளர்ந்தவர்கள் இருந்தார்கள். ஏறாமலே கரியில் வேலை செய்த பெரியவர்களும் இருந்தார்கள். 1892இல் ஹென்றி பட்லின் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு எளிமையான கேள்வியை எடுத்தார்: வேறு நாடுகளில் புகைக்கூடு துடைப்பவர்களுக்கு ஏன் இது வருவதில்லை? விசாரித்துப் பார்த்தார். ஜேர்மனியிலும் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் அந்தத் தொழிலாளர்கள் உடம்போடு ஒட்டின, கரி புகாத உடுப்புப் போட்டார்கள். வேலை முடிய ஒவ்வொரு நாளும் உடம்பு முழுக்கக் கழுவினார்கள். இங்கிலாந்துக்காரர் தளர்வான காற்சட்டையோடு வேலை செய்து, முகத்தையும் கையையும் மட்டும் கழுவினார்கள். வெளியே தெரிகிற இடம் சுத்தம். தெரியாத இடம் அப்படியே.

எண்ணெய் தெறித்த காற்சட்டைகள்

இதே நோய் அடுத்ததாய் வந்தது பருத்தி ஆலைகளில். லங்காஷயரில் 'மியூல்' என்ற நூல்நூற்கும் இயந்திரத்தில் வேலை செய்த ஆண்கள், நூல் அறும்போது முடிச்சுப்போட இயந்திரத்தின் மேலே குனிவார்கள். வெக்கையான மண்டபம், மெல்லிய காற்சட்டை. சுழலும் கதிர்களில் இருந்து கனிம எண்ணெய் தெறித்து அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊறும். மான்செஸ்டர் றோயல் வைத்தியசாலைக்கு 1902இல் இருந்து 20 வருடத்தில் விதைப்பைப் புற்றுநோயோடு வந்த 141 பேரைப் பற்றி சவுதம், வில்சன் என்ற இரண்டு வைத்தியர்கள் 1922இல் எழுதினார்கள். அதில் 69 பேர் மியூல் தொழிலாளர்கள். புகைக்கூடு துடைத்தவர் ஒரே ஒருவர்.

அரசு அமைத்த குழு ஒன்று 1926இல் அறிக்கை கொடுத்தது: வேறு எண்ணெய் பாவியுங்கள், தொழிலாளர்களுக்கு ஒழுங்காய் உடற்பரிசோதனை செய்யுங்கள். அதைக் கட்டாயமாக்கின விதிமுறை வந்தது 1953இல். இந்த நோய் ஆரம்பத்தில் ஒரு சின்ன மரு. கண்ணால் பார்த்தாலே தெரியும். வெட்டினால் பெரும்பாலும் சுகமாகும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் ஒன்றும் தேவையில்லை. தேவைப்பட்டது, காட்டுறதுக்கு ஒரு ஆள், பார்க்கிறதுக்கு ஒரு ஆள். அவ்வளவுதான்.

கரிக்குள் என்ன இருக்கு என்று கண்டுபிடிச்ச கதையும் சுவாரசியமானது. 1915இல் ஜப்பானில் யமகிவா, இச்சிகாவா இருவரும் முயல்களின் காதில் மாதக்கணக்காய் நிலக்கரித் தார் பூசி, புற்றுநோய் வருவதைக் காட்டினார்கள். 1933இல் லண்டனில் ஒரு ஆய்வுக்குழு, இரண்டு தொன் தாரில் இருந்து 'பென்சோபைரீன்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. சிகரெட் புகையிலும் அதே பொருள் இருக்கு. புகைப்பிடித்தல் ஆண்குறிப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதும் இன்றைக்குத் தெரிந்த விடயம்தான். பிளேக்கின் சிறுவனும் எங்கட கன்டீன் பின்பக்கத்துப் பெடியளும் நினைக்கிற அளவுக்குத் தூரமில்லை.

திரும்ப எங்கட அறைக்கு

இப்ப நண்பனின் கதை. நானும் அவனோட டொக்டரிட்டப் போனன். டொக்டர் பார்க்க ஒரு நிமிசம்கூட எடுக்கேல்லை. "தம்பி, இது வருத்தமே இல்லை. கன ஆம்பிளையளுக்கு இருக்கிறது. சிவப்பா இருக்கிறது நீர் பூசின கிறீமால. அதை முதல்ல நிப்பாட்டும்" என்றார். வெளியே வந்து நண்பன் படியில் குந்திக்கொண்டு கனநேரம் ஒன்றும் கதைக்கேல்லை. நாலு மாதம்! அந்த நாலு மாதத்தில் அவன் இரண்டு சோதனை எழுதினவன்.

அதுக்குப் பிறகு வாசிச்சதில், எங்கட வயதுப் பெடியளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்று நினைக்கிறதை இங்கே எழுதுறன்.

பயப்படத் தேவையில்லாதவை: மொட்டின் விளிம்பைச் சுத்தி வரிசையாய், ஒரே அளவில் நிற்கிற முத்து மாதிரிப் பருக்கள். இவை பருவமடைந்த பிறகு தெரியத் தொடங்கும், தொற்றாது. தண்டிலும் விதைப்பையிலும் தோலுக்குக் கீழே தெரிகிற மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள். இவை எண்ணெய்ச் சுரப்பிகள்தான். 1896இல் விவரித்த அமெரிக்க வைத்தியரின் பெயரால் 'ஃபோர்டைஸ் புள்ளிகள்' என்பார்கள். வயது போகப்போக விதைப்பையில் வரும் கருஞ்சிவப்புப் பொட்டுகளுக்கும் அவருடைய பெயர்தான். விதைப்பையின் நடுக்கோடு, உடம்பின் மற்றத் தோலைவிடக் கறுப்பாய் இருப்பது, இரண்டும் இயல்பு.

டொக்டரிடம் காட்ட வேண்டியவை: இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண். புதிதாய் வந்து வளருகிற கட்டி, மரு. இரத்தம் கசிவது. போகாமல் நிற்கிற சிவப்பு அல்லது வெள்ளைப் படை. முன்தோல் வரவர இறுகுவது. கொத்தாய் வந்து எரிகிற கொப்புளம். இரவில் கூடுகிற கடி, அதுவும் அறையில் மற்றவைக்கும் இருந்தால் அது சிரங்காய் இருக்கலாம். அப்ப எல்லாருமே மருந்து பூச வேண்டும். முன்தோலுக்குள் திரும்பத் திரும்ப அழற்சி வந்தால் சீனி பார்க்கச் சொல்வார்கள். ஒரு குளிசை போட்ட ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் கருஞ்சிவப்பு வட்டம் வந்தால், அது அந்தக் குளிசை ஒத்துக்கொள்ளாததாய் இருக்கலாம். குளிசையின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.

நோகாத ஒரு புண் வந்து தானாய் ஆறினால் சந்தோசப்பட்டு விட்டுவிடக்கூடாது. கிரந்தியின் முதல் புண் மருந்து இல்லாமலே சில கிழமையில் ஆறிவிடும். கிருமி உள்ளேயே இருக்கும். பாதரசக் காலத்தில் அது வாழ்நாள் நோய். இப்ப ஆரம்பத்தில் பிடித்தால் பென்சிலின் ஊசியோட முடிஞ்சிடும்.

காத்திருக்கவே கூடாதவை: பின்னுக்கு இழுத்த முன்தோல் திரும்ப வராமல் வீங்குவது, விதையில் திடீரென்று வருகிற கடும் நோ, காய்ச்சலோட வேகமாய்ப் பரவுகிற வீக்கம் அல்லது கறுப்பு. இதுக்கு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், நடுச்சாமம் என்றாலும்.

பாமசிக் கிறீம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விதைப்பைத் தோல் மருந்தை உறிஞ்சும் அளவு உடம்பின் மற்ற இடங்களைவிட மிக அதிகம். 1967இல் நடந்த ஒரு ஆய்வில், முன்கையைவிட 42 மடங்கு ஹைட்ரோகோட்டிசோன் அந்தத் தோலால் உள்ளே போனது. பங்கஸுக்கு என்று கைமாறித் திரிகிற பல கலவைக் கிறீம்களில் இதைவிட வலுவான ஸ்டீரொய்ட் இருக்கு. முதல் இரண்டு நாள் கடி நிற்கும். பிறகு தோல் மெலியும், பங்கஸ் பரவும். 18ஆம் நூற்றாண்டுக்காரன் தவறான நோய்க்குப் பாதரசம் பூசினான். நாங்கள் நோயே இல்லாததுக்கு டியூப் வாங்குறம். இரண்டிலும் நடப்பது ஒன்று: பார்க்க வேண்டிய ஆளிடம் காட்டாமல், நாங்களே தீர்ப்பு எழுதுறம்.

எங்கே போவது? அரச வைத்தியசாலை ஓ.பி.டி.யில் காட்டலாம். அங்கிருந்து தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். பாலியல் தொற்றாய் இருக்கும் என்று சந்தேகம் என்றால், பெரிய அரச வைத்தியசாலைகளோட சேர்ந்த பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கு. காசில்லை, விவரங்களை வெளியே சொல்ல மாட்டார்கள். கம்பஸ் மருத்துவ நிலையத்திலும் கேட்கலாம். ஆண் டொக்டர் வேண்டும் என்று சொல்வதில் பிழையில்லை. போகும்போது எப்ப தொடங்கினது, என்ன பூசினது, என்ன குளிசை எடுத்தது என்ற மூன்றையும் உண்மையாய்ச் சொன்னால் போதும். உறவு பற்றிக் கேட்டால் அது விசாரணை இல்லை, வைத்தியம்.

நான் ஒரு கலைப்பீட மாணவன், டொக்டர் இல்லை. மேலே எழுதினதை வைச்சு ஒருத்தரும் தங்கட புண்ணுக்குப் பெயர் வைக்க வேண்டாம். காட்டுறதா விடுறதா என்று முடிவெடுக்க மட்டும் பாவியுங்கோ. எங்கட வயதில் இந்த இடத்தில் வருகிறதில் பெரும்பான்மை சின்ன விசயங்கள். புற்றுநோய் அரிது, அதிகம் வருவது வயது போனவர்களுக்கு. எங்கட அப்பாமார், மாமாமார், பெரியப்பாமார். அவர்கள் எங்களைவிடக் கூச்சப்படுவார்கள். சாரத்துக்குள் இருக்கிற புண்ணை வருடக்கணக்காய் மறைக்கிற ஆம்பிளையளை எல்லாருடைய குடும்பத்திலும் தேடினால் காணலாம்.

போன கிழமை அந்த வகுப்பில் எனக்கு ஒரு சின்னக் கருத்துரை செய்யக் கிடைச்சது. பிளேக்கைப் பற்றித்தான். பொட், பாதரசம், தோட்டக்காரரின் கை எல்லாவற்றையும் சொன்னன். 'விதைப்பை' என்ற சொல் வருகிற இடத்தில் பின்வாங்கில் ஒருத்தன் வாயைப் பொத்தினான். எட்டு வயதுப் பிள்ளையின் கதைக்கு வரேக்க ஒருத்தரும் சிரிக்கேல்லை. வகுப்பு முடிஞ்சு வெளியே வர, வாயைப் பொத்தினவன் பின்னால் வந்தான். மற்றவர்கள் போகும்வரைக்கும் போனைப் பார்க்கிற மாதிரி நின்றுவிட்டு மெல்லமாய்க் கேட்டான்: "மச்சான், நீங்கள் போன டொக்டர் எந்த நாளில இருக்கிறவர்?"